சொந்தக்காரர் இல்லாத கால்வாய் ஊர்

டிராவல் ஏஜென்ட் வேலையில டிக்கெட் போடுறது சுலபம், ஆளைக் கிளப்பி அனுப்புறதுதான் பெரும்பாடு.

மெல்போர்ன்ல கிளென் வேவர்லி ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்புல, ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில என் ஆபீஸ். ரயில் அதுக்கு மேல போகாது. எல்லாரும் இறங்கித்தான் ஆகணும். இறங்கினா கீழே கறிவேப்பிலை வாங்கணும். வாங்கினா மேலே போர்டைப் பார்த்துட்டு "சும்மா ரேட் கேட்டுட்டுப் போலாம்"னு படியேறி வருவாங்க. இப்படித்தான் என் வியாபாரம் ஓடுது. நான் திருச்சிக்காரி. வாய் கொஞ்சம் நீளம்னு என் வீட்டுக்காரர் சொல்வார். அது இல்லாம இந்தத் தொழில்ல ஒரு நாள் தாக்குப்பிடிக்க முடியாது.

இப்ப கொஞ்ச காலமா எல்லாருக்கும் ஒரே பைத்தியம். ஐரோப்பாவுல கால்வாய் ஓடுற பழைய ஊர் ஒண்ணு வேணும், வீக்எண்ட்ல ரெண்டு நாள் தங்கணும். போன்ல படகு, பாலம், ஜன்னல்ல பூத்தொட்டின்னு ஏதாவது வீடியோ பார்த்துட்டு நேரா வந்துடுறாங்க. இங்கேர்ந்து பிளேன்ல போறதுக்கே ஒரு நாள் ஓடிடும்னு சொன்னா முகம் சுண்டிப்போகும். அதனால லண்டன் கல்யாணம், ஜெர்மனி ஆபீஸ் வேலைன்னு வேற எதுக்காவது அந்தப் பக்கம் போறவங்களுக்கு வால் மாதிரி இந்த ரெண்டு நாளை ஒட்டி விடுவேன். வீட்டுல எல்லாருக்கும் டூர் பிளான் போட்டுக் கொடுத்துட்டு, கடைசியில திட்டும் வாங்கிக் கட்டிக்கிற பாவப்பட்ட ஜென்மங்களே, வாங்க, இப்படி உக்காருங்க. நம்ம கதைதான்.

வாசலில் பார்க்கிங்

ஊரோட மேற்கு மூலை டார்னெய்ட்லேர்ந்து செந்தில்னு ஒரு ஐ.டி. தம்பி வந்தார். ஆபீஸ் வேலையா மியூனிக் போறார், கூடவே மனைவி, குழந்தைகள், அப்பா, அம்மா. நடுவுல ஒரு வீக்எண்ட் வெனிஸ். லேப்டாப்பைத் திறந்து எக்ஸெல் ஷீட்டைக் காட்டினார். எத்தனை மணிக்குப் பல் விளக்கணும்ங்கிறது மட்டும்தான் அதுல இல்லை. "மேடம், மியூனிக்ல செவன் சீட்டர் கார் எடுத்துடுறேன். ஹோட்டல் வாசல்லயே பார்க்கிங் இருக்கிற மாதிரி பாருங்க. அப்பாவுக்கு முட்டி வலி" என்றார்.

"தம்பி, வெனிஸ்ல ரோடே கிடையாது. தண்ணிதான்."

"சரிங்க மேடம், வாசல்ல வேண்டாம். பக்கத்துத் தெருவுல?"

"பக்கத்துத் தெருவும் தண்ணிதான் தம்பி. காரை ஊருக்கு வெளியவே விட்டுட்டு, படகுல போய் இறங்கி, பாலம் பாலமா ஏறி இறங்கி நடக்கணும். அப்பாவுக்கு வேணா படகுத்துறை பக்கத்துலயே ஹோட்டல் பார்த்துத் தர்றேன்." ஆள் அப்படியே உறைஞ்சுட்டார். எக்ஸெல்ல அதுக்குக் கட்டம் இல்லை பாருங்க. உடனே மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சு, விஷயத்தைச் சொன்னார். அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "அப்ப ரைஸ் குக்கரை யாரு தூக்குறது?"

ஆள் இல்லாத ஊர்

அடுத்து வந்தவங்கதான் என் மனசைப் போட்டுப் பிசைஞ்சவங்க. மலர் அன்ரி. யாழ்ப்பாணத்துப் பக்கம், ஆன்ட்டியை அங்கே அன்ரின்னுதான் சொல்வாங்க. அறுபதைத் தாண்டின வயசு. கிரெய்கிபர்ன்லேர்ந்து ரயில் மாறி வந்திருக்காங்க. அது ஊரோட அந்தக் கோடி. "அங்கேயே உங்க ஆளுங்க டிக்கெட் போடுறாங்களே அன்ரி, எதுக்கு இவ்ளோ தூரம்?"னு கேட்டேன். "அதுக்காகத்தான் பிள்ளை இஞ்சை வந்தனான். எங்கட ஆக்களிட்டைக் கேட்டால், நான் வீடு போய்ச் சேர முதல் பாரிசிலை இருக்கிற சொந்தத்துக்குத் தெரிஞ்சிடும்" என்றாங்க.

விஷயம் இதுதான். லண்டன்ல சொந்தத்துல ஒரு கல்யாணம். அது முடிஞ்சதும் அன்ரியும் அவங்க வீட்டுக்காரர் யோகன் அங்கிளும் மட்டும் ரெண்டு நாள் ஒரு கால்வாய் ஊர்ல தனியா இருக்கணும். "இவருக்கு பிஸ்கட் ஃபாக்டரியிலை இரவு வேலை. எனக்கு முதியோர் இல்லத்துக் குசினியிலை பகல் சமையல் வேலை. இருந்தது ஒரு கார். விடிய அவர் வந்து வாசலிலை சாவியைத் தருவார், நான் வாங்கிக்கொண்டு வெளிக்கிடுவன். அப்பிடியே காலம் போயிட்டுது. இப்ப ரெண்டு பேரும் வேலையை விட்டாச்சு. மகன் சிட்னியிலை. வீட்டிலை அவர் ஒரு அறையிலை டிவி, நான் குசினியிலை. எங்களுக்குள்ள கதைக்க ஏதும் இருக்கோ எண்டே தெரியேல்லை, பிள்ளை. அதை ஒருக்காப் பாக்கோணும்." நான் உடனே ஐரோப்பா மேப்பைத் திறந்தேன்.

இதுல சிக்கல் என்னன்னா, அவங்களுக்கு ஐரோப்பா பூரா சொந்தம். ஒரு ஊருக்குப் போய் அங்கே இருக்கிற சொந்தக்காரர் வீட்டுல சாப்பிடாம வந்தா குத்தம். ஹோட்டல்ல தங்கினா பெருங்குத்தம். கிட்டக்கப் போயும் சொல்லாம வந்துட்டா, அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகையே வராது. ஆம்ஸ்டர்டாம்னேன். பெரியம்மா மகன் அரை மணி நேரத்துல இருக்காராம். கோபன்ஹேகன்னேன். "ஐயோ, டென்மார்க்கிலை இவற்ற ஆக்கள் ஒரு ஊர் நிறைய இருக்கினம்." வெனிஸ்னேன். அங்கிளோட பள்ளிக்கூடச் சிநேகிதர் பக்கத்து ஊர்லேர்ந்து ஸ்டேஷனுக்கே மாலையோட வந்து நிப்பாராம். கடைசியில பெல்ஜியத்துல புரூஜ்னு சொன்னேன். அன்ரி கண்ணை மூடி, விரல் மடிச்சு யோசிச்சாங்க. பிரஸ்ஸல்ஸ்ல ஒருத்தர் இருந்தார், அவரும் கனடாவுக்குப் போயிட்டார். முகம் பூரிச்சுப் போச்சு. "அதையே போடுங்கோ பிள்ளை. எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லாத ஊர் எண்டால் வடிவாத்தான் இருக்கும்."

குளிருமோ?

ரெண்டு வாரம் கழிச்சு யோகன் அங்கிள் பாஸ்போர்ட் காப்பியைக் கொடுக்க வந்தார். ஒல்லியா, நெட்டையா, சட்டைப் பையில சீப்பு. உள்ளே வந்ததும் சுவத்துல தொங்கின காலண்டரைப் பார்த்தார். கீழே மளிகைக் கடையில கொடுத்தது, தினமும் ராசிபலன் போட்டிருக்கும். "இதையெல்லாம் நீங்கள் நம்புறனீங்களோ? எங்கட சனம் சாத்திரி சொன்னாக் கிணத்துக்குள்ளையும் குதிக்கும்" என்று சிரிச்சார். சாத்திரின்னா அவங்க பேச்சுல ஜோசியர். எனக்குச் சுருக்னுச்சு, ஆனாலும் கஸ்டமர் ஆச்சே, சிரிச்சு வெச்சேன்.

அப்புறம் மெதுவா ஆரம்பிச்சார். பாரிஸ்ல அவர் சித்தப்பா மகள் ராணி இருக்காங்களாம். "அந்தப் பக்கம் குளிருமோ, என்ன ஜாக்கெட் கொண்டுபோகோணும் எண்டு அவளிட்டைக் கேட்டனான்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. அட கடவுளே, மனைவி ஊரைத் தாண்டி ஊர் வந்து ரகசியமா டிக்கெட் போட்டா, இந்த மனுஷன் பாரிஸுக்கே போன் போட்டு வானிலை அறிக்கை கேட்டிருக்கார்! குளிருமா குளிராதான்னு போன்லயே பார்க்கலாமே அங்கிள்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன். அவர் பாவமா என்னைப் பார்த்தார். "நான் ஊரின்ர பேரை மட்டும்தான் சொன்னனான், பிள்ளை. எந்த நாள், எந்த ஹோட்டல் எண்டதை அவள்தான் கேட்டறிஞ்சவள்."

பாரிஸிலிருந்து ஒரு கால்

அதுக்கப்புறம் பார்சல் படையெடுப்பு. பொதுவா யாராவது ஐரோப்பா போறாங்கன்னு தெரிஞ்சா கோயில்லயே பையைக் கொடுத்துடுவாங்க. விட்டமின் மாத்திரை, மிளகாய்த்தூள், பேரப்பிள்ளைக்கு கோவாலா கரடி பொம்மை, எல்லாம் "வழியிலைதானே" கணக்கு. பெல்ஜியத்துல ஆளே இல்லைன்னு நினைச்சோமே, புரூஜ்னு பேர் வெளிய வந்ததும் ஆளுங்க முளைச்சாங்க. யாரோட அக்கா மகனோ அங்கே படிக்கிறானாம், அவனுக்கு ஊறுகாய். அன்ரி எனக்குப் போன் பண்ணி, எக்ஸ்ட்ரா லக்கேஜ் போட முடியுமான்னு ஈனசுரத்துல கேட்டாங்க.

அடுத்த நாள் ஆபீஸ் போன் அடிச்சுது. பாரிஸ்லேர்ந்து ராணி அக்காவே! அங்கிள் என் நம்பரையும் கொடுத்திருக்கார். புண்ணியவான். "பிள்ளை, அண்ணை அவை நிக்கிற ஹோட்டல்லை பக்கத்து அறை எங்களுக்கும் வேணும். நாங்கள் ஒரு வான் வண்டி பிடிச்சு வாறம். ஜெர்மனியிலையிருந்து என்ர மச்சாள் குடும்பமும் வருது. பாவம், அவை ரெண்டு பேரும் தனிய நிண்டு என்ன செய்யிறது?" குரல்ல அவ்வளவு பாசம். அதுதான் கொடுமையே. கெட்டவங்களா இருந்தா ஒரு வார்த்தையில வெட்டி விட்டுடலாம். இது அன்பு. நான் என் ஆபீஸ் குரலை வரவழைச்சுக்கிட்டு, கஸ்டமர் விவரத்தை வெளிய சொல்லக் கூடாது, இது பிரைவசி விஷயம்னேன். ராணி அக்காவுக்கு நிஜமாவே புரியலை. "சொந்தத்துக்குள்ளை என்ன பிள்ளை பிரைவசி?"

கான்சல்

அந்த வாரமே ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாங்க. அன்ரி உக்காரக்கூட இல்லை. "புரூஜைக் கான்சல் பண்ணுங்கோ. கலியாணத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்திடுறம்" என்றாங்க. ராணி அக்கா வேன் பேசியாச்சாம், பெரிய சட்டியும் அடுப்பும் ஏத்துறாங்களாம், சனிக்கிழமை மத்தியானம் கால்வாய்க் கரையில ஆட்டிறைச்சிக் கறியாம். அங்கிள் ஒண்ணும் புரியாம மூலையில இருந்த சேர்ல உக்காந்து, "ஏன் கான்சல் பண்ணோணும்? எல்லாரும் வந்தால் கலகலப்பா இருக்குமே" என்றார்.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. அது என் வேலையான்னுகூட யோசிக்கலை. "அங்கிள், உங்களோட தனியா இருக்கணும்னுதான் அன்ரி இவ்ளோ தூரம் வந்து இந்த டிக்கெட்டைப் போட்டாங்க. கலகலப்புக்கு இல்லை. ஒரு தடவையாவது அவங்களைக் கேட்டீங்களா?"ன்னு வெடிச்சுட்டேன். அங்கிள் எழுந்து நின்னார். "நீ சனத்தைக் கண்டால் சந்தோசப்படுவாய் எண்டெல்லோ நினைச்சனான், மலர்" என்றார். அன்ரி கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, தரையைப் பார்த்துச் சொன்னாங்க: "இந்த வயசிலை சொல்ல வெக்கமாக் கிடக்கு. எனக்குச் சனம் வேண்டாம். நீங்கள்தான் வேணும்."

பரிகாரம்

அங்கிளுக்குக் கண் கலங்கியிருந்துச்சு. அவர் ஆயுசுல சொந்தக்காரங்களுக்கு "வராதேங்கோ"ன்னு சொன்னவர் இல்லை. சொன்னா அது என்ன ஆகும்னும் அவருக்குத் தெரியும். பாரிஸும் ஜெர்மனியும் ஆயுசுக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். பார்வை அலைஞ்சு அலைஞ்சு கடைசியில என் சுவத்துல போய் நின்னுது. ராசிபலன் காலண்டர். சீப்பை எடுத்துத் தலையை வாரினார், போனை எடுத்தார், ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வெச்சார். இங்கே சாயங்காலம், பாரிஸ்ல காலை நேரம்.

"ராணி, ஒரு பிரச்சினை. எங்கட சாதகத்திலை ஒரு தோசமாம். சாத்திரி சொல்லிப்போட்டார். தண்ணி சுத்தி ஓடுற ஊரிலை, புருசனும் பெண்சாதியும் மட்டும், ரெண்டு இரவு தங்கிப் பரிகாரம் செய்யோணுமாம். சொந்தக்காரற்ற முகம் பாக்கக்கூடாதாம்." ஜோசியத்தையே கிண்டல் அடிச்ச மனுஷன்! குரல் கொஞ்சமும் நடுங்கலை. அன்ரி சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டாங்க. நான் மேசைக்கு அடியில பேனா தேடுற மாதிரி குனிஞ்சுட்டேன்.

"போனிலை கதைக்கலாமோ அண்ணை?" ராணி அக்கா பயந்து போய்க் கேட்டாங்க. "கூடாது." "பார்சல்?" "அதுவும் கூடாது. கலியாண வீட்டிலை தாறன்." அந்தப் பக்கம் பெருமூச்சு. வேன் பேசியாச்சே, சட்டி எடுத்தாச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லணுமே? மூச்! பரிகாரம்னா பரிகாரம்தான். "நல்ல காலம் முன்னமே சொன்னியள், அண்ணை. நாங்கள் வந்து கெடுத்திருப்பம். அந்தச் சாத்திரியின்ர நம்பரைத் தாங்கோ, எங்கட வீட்டுக்காரருக்கும் சனி நடக்குது."

இடையில் ஒரு குக்கர்

அவங்க புரூஜ்ல இருந்த அந்தச் சனிக்கிழமை எனக்கு வீட்டுல இருப்பே கொள்ளலை. ரெண்டு பேருக்கும் நிஜமாவே பேச ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா? அதுக்கு நானே டிக்கெட் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடுமே! போன் அடிச்சதும் ஓடிப் போய் எடுத்தேன். பார்த்தா செந்தில். அவரும் அதே வாரம்தான் வெனிஸ்ல இருந்தார். பின்னாடி படகுச் சத்தம், குழந்தைங்க கத்தல். அவர் அப்பாவுக்கு முட்டி வலியே மறந்துபோய், படகுத்துறையிலேயே உக்காந்து போற வர்ற படகுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கிட்டிருக்காராம். எக்ஸெல் ஷீட் முதல் நாளே போயே போச்சாம். திட்டத்தான் கூப்பிட்டிருக்கார்னு நான் தயாரா இருந்தேன். "குக்கரைத் தூக்கினது நான்தான் மேடம். ஆனா தண்ணி ஓரமா உக்காந்து அம்மா கையால தயிர் சாதம் சாப்பிட்டோம் பாருங்க, அடுத்த வருஷமும் தூக்குவேன்."

சாவி

ஊர் திரும்பின கையோட ரெண்டு பேரும் சாக்லேட் டப்பாவோட படியேறி வந்தாங்க. ஏறும்போதே சத்தம் கேட்டுது. ஏதோ ஒரு பாலத்துக்குப் பக்கத்துல பார்த்தது அன்னமா வாத்தான்னு சண்டை. எனக்கு அப்பவே உசுரு வந்துச்சு.

முதல் நாள் நல்லா இல்லையாம். அன்ரிதான் சொன்னாங்க. படகுல சுத்தினாங்க, மணிக்கூண்டைப் பார்த்தாங்க, உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் சாப்பிட்டாங்க. அங்கிள் கடை போர்டையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிச்சார். அதோட பேச்சு முடிஞ்சுது. ராத்திரி படுக்கும்போது அன்ரிக்கு, ராணி வந்திருந்தாலாவது சத்தம் இருந்திருக்குமேன்னு தோணிடுச்சாம்.

மறுநாள் விடியக்காலை அங்கிள் வழக்கம்போல முழிச்சுக்கிட்டு, காபி வாங்க வெளிய போயிருக்கார். திரும்பி வரும்போது, அவரைத் தேடி அன்ரி கோட்டு போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்திருக்காங்க. அங்கிள் தன்னையறியாம ரூம் சாவியை அன்ரி கையில கொடுத்து, வழி விட்டு ஒதுங்கி நின்னாராம். அத்தனை வருஷப் பழக்கம்! அவர் வந்தா அன்ரி கிளம்பணுமே. "எங்கை அனுப்புறியள் என்னை?"ன்னு அன்ரி கேட்க, ரெண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்திருக்கு. அப்படியே கால்வாய்ப் படியில உக்காந்து பேச ஆரம்பிச்சாங்களாம். ராத்திரியெல்லாம் ஃபாக்டரியில யார் கூடச் சாப்பிடுவார், தூக்கம் வந்தா என்ன பாட்டு முணுமுணுப்பார், காரைக் கொடுத்துட்டு ஜன்னல் வழியா அவங்க போறதைப் பார்த்துட்டுத்தான் படுப்பார்ங்கிறது வரைக்கும். "நான் போறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறவராம், பிள்ளை! இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது!" அன்ரி கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நானும்தான்.

காபி ஆறிப்போச்சு, மத்தியானச் சாப்பாடும் மறந்துபோச்சு, ரயிலையும் விட்டுட்டாங்க. பாதியில விட்ட கதை இன்னும் கிடக்குதாம். அங்கிள் காலண்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டு, சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கிட்டு, ரொம்பப் பவ்யமா என் முன்னால உக்காந்தார். "பிள்ளை, சாத்திரி திரும்பவும் சொல்லிப்போட்டார், ஒருக்காச் செய்தால் பலிக்காதாம்."

ஊர்ல உள்ளவங்க தோஷத்துக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்துட்டு, இப்ப நானும் ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் என் வீட்டுக்காரர் ஜாதகத்துல ஒரு தோஷம் கிடைக்குமான்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்.